இரண்டாவது சுருளையும் வெட்டினோம்

சுருள் கட்டும் பகுதிக்கும் சோதனைப் பகுதிக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசும்படி கேட்டார்கள். சுருளிலிருந்து மின் கசியாமல் மறிக்கும் காவலியின் தடிப்பை எப்படிக் கணக்கிடுவது, எந்த ரேப்பை, அந்தக் காவலி நாடாவை, எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த ரேப்புகளை நான் கையால் தொட்டதும் இல்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, ஒரு சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மின்பிறப்பாக்கியின் செப்புக் கம்பியைப் பார்க்கலாம், இரும்பையும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் நின்று பதினோராயிரம் வோல்ற்றை மறித்துக்கொண்டிருக்கிற அந்தச் சில மில்லிமீற்றர் மைக்காவையும் பிசினையும் மட்டும் பார்க்க முடியாது. தெரிவது மேல்தோல். உள்ளே நலமாக இருக்கிறதா என்று நிச்சயமாக அறிய வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். அல்லது வழக்கமாகத் தாங்குவதற்கும் மேலே மின்னழுத்தம் கொடுத்து, உடைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் சுருள் போய்விடலாம். மற்ற அளவுகள் எல்லாம் ஊகத்துக்கு உதவும், அவ்வளவுதான். இதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் ஒரு தீவில் வைத்துப் படித்தேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகும் தீவுகளில் அது ஒன்று. பெயரைச் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். போர் முடிந்து, தீவுக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்கத் தொடங்கிய காலம். மின்நிலையத்தில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. பெரியது முன்பு வேறொரு நாட்டுத் தொழிற்சாலையில் ஓடியது. சுருள் புதிதாகக் கட்டப்பட்டுக் கப்பலில் வந்தது. நேரே பதினோராயிரம் வோல்ற்றில் தீவின் கம்பிகளுக்குக் கொடுக்கும். சிறியது அவசரத்துக்கு. அது வைத்தியசாலையையும் தண்ணீர்ப் பம்பையும் தாங்கும். மாலையில் வீடுகளுக்குச் சற்று நேரம் கொடுக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது.

ஒரு காலையில் பெரிய இயந்திரம் தானாக நின்றது. சுருளிலிருந்து இரும்புக்கு மின் கசிகிறது என்று கண்டால் நிறுத்திவிடும் பாதுகாப்புக் கருவி அதை நிறுத்தியிருந்தது. பொறுப்பாளர் அன்ரன் சுற்றிவரப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, மறுபடி ஓட்டினார். ஓடியது. மறுநாளும் ஓடியது. இருந்தாலும் அவர் தலைமை அலுவலகத்துக்கு அறிவித்தார். அவர் அறிவிக்காமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. எங்கள் பிரதம பொறியியலாளர், அங்கே பொறியியலாளராக இருந்த என்னை அனுப்பினார். நான் வேலணைத் தீவின் சரவணையைச் சேர்ந்தவள். தீவுப் படகுகள் எனக்குப் பழக்கம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிரதம பொறியியலாளரின் பெயரும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒன்றை மட்டும் சொல்கிறேன்: "மெசினைத் தொடமுதல் மண்டபத்தை ஒருக்காச் சுத்தி வாரும்." காரணம் சொல்லவில்லை. நான் எங்கே போனாலும் சுற்றிவந்தேன்.

அங்கேயும் சுற்றிவந்தேன். தகரக் கூரை, மேற்குப் பக்கத்துச் சுவரில் கடற்காற்று வருவதற்கென்றே விட்டது போன்ற பெரிய திறப்பு. அந்தக் காற்றுத்தான் உப்பையும் கொண்டு வந்து சுருளின் முனைகளில் பூசியிருந்தது. இயந்திரத்தின் பக்கவாட்டில், தடித்த கம்பிகள் வெளியே வரும் இணைப்புப் பெட்டி. அதிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை.

"இது ஆற்றை கதிரை?" என்று கேட்டேன்.

"என்ரதான் மிஸ். இந்த இடத்திலதான் காத்துப் படும். மற்ற இடமெல்லாம் அவிச்சல்."

அன்ரனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். மெலிந்த மனிதர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கடல் ஒத்துவராமல் இவர் மட்டும் இயந்திரத்துக்கு வந்தவர். நாளின் பெரும்பகுதியை அந்தக் கதிரையில்தான் கழித்தார்.

இயந்திரத்தை நிறுத்தி, உப்பைக் கழுவி, சூடு காட்டி உலர்த்தினோம். சில நாட்கள் எடுத்தது. தீவு சிறிய இயந்திரத்தில் இருந்தது. அந்த நாட்களில் ஒரு மதியம் ரெஜினா அக்கா மண்டபத்துக்கு வந்தார். கரையில் ஐஸ் ஆலையும் மீன் வாங்கி அனுப்பும் வாடியும் நடத்துபவர். தீவின் வள்ளங்களில் பாதி அவருடைய ஐஸை நம்பித்தான் கடலுக்குப் போயின. சிறிய இயந்திரம் ஐஸ் ஆலையைத் தாங்காது.

"எப்ப தங்கச்சி பெரிய மெசின் ஓடும்?"

"நாளைக்குத் தெரியும் அக்கா."

"நாளைக்கு ஓடும் எண்டுறீங்களோ, நாளைக்குத் தெரியும் எண்டுறீங்களோ?"

"தெரியும் எண்டுறன்."

சிரித்துவிட்டுப் போனார். வலையில் மீன் நிறையப் படும் காலம் தொடங்கியிருந்தது. அந்தோனியார் கோவில் பெருநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சனம் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காவலியின் தடையை அளந்தோம். சுருள்கள் மூன்று தொகுதிகளாக, அதாவது மூன்று பேஸ்களாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேஸ்கள் நன்றாகக் காட்டின. மூன்றாவது பின்தங்கியது. ஓட்டலாம் என்ற எல்லைக்கு மேலேதான் நின்றது. ஆனால் ஒரே காற்றையும் ஒரே உப்பையும் ஒரே சூட்டையும் பெற்ற மூன்றில் ஒன்று மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

பிரதம பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓட்டலாம் எண்டுற அளவுக்கு மேலயோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர், மேல."

"அப்ப ஓட்டலாம்." பிறகு கேட்டார்: "நீர் என்ன நினைக்கிறீர்?"

"கூடின அழுத்தம் குடுத்துப் பாக்கவேணும் எண்டு நினைக்கிறன்."

"உடைஞ்சா?"

"மாற்றுச் சுருள் இல்லை. புதுசாச் செய்விச்சுத்தான் போடவேணும்."

"பெருநாள் வருதாம் என்ன?"

"ஓம்."

"அங்க நிக்கிறது நீர். நான் கொழும்பில இருந்துகொண்டு சொல்ல ஏலாது. உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்."

இதைப் பெருந்தன்மை என்றும் சொல்லலாம், பொறுப்பைக் கைமாற்றியது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு. உங்களுக்கும் இப்படி ஒரு பதில் ஒருநாள் கிடைக்கும். கோபப்பட வேண்டாம். அந்தப் பதிலோடு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அன்ரனுக்கு என் எண்ணம் பிடிக்கவில்லை.

"மிஸ், அளவுக்கு மேல காட்டுதுதானே. ஓடுற மெசினை ஏன் நோண்டுவான்?"

"ஓடிக்கொண்டிருக்கேக்க போனா என்ன நடக்கும் அன்ரன்?"

"போனமுறை மாதிரி நிக்கும்."

"நிண்டாச் சரி. நிக்க முதல் வெடிச்சா?"

இயந்திரம் முழு வேகத்தில் சுழலும்போது சுருள் உடைந்து, பாதுகாப்பு ஒரு கணம் பிந்தினால் என்ன ஆகும் என்பதை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். இணைப்புப் பெட்டியின் மூடி எங்கே கிடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதிரை என் கண்ணில் பட்டிராவிட்டால் நான் ஓட்டச் சொல்லிவிட்டுப் படகேறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சோதனை செய்தோம். ஓடும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்குவரை, படிப்படியாக. முதலாவது பேஸ் தாங்கியது. இரண்டாவது தாங்கியது. மூன்றாவதை ஏற்றும்போது கசிவைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில வேளை முள் முன்கூட்டியே ஏறிக் காட்டும். அப்போது இறக்கிவிடலாம். அன்று முள் அசையவில்லை. கடைசிப் படிக்கு ஏற்றினேன். காய்ந்த மட்டையை முறித்தது போல ஒரு சத்தம். அழுத்தம் விழுந்தது.

அன்ரன் கதவடியில் நின்றார். "போச்சோ மிஸ்?" என்றார்.

"போச்சு."

அவர் தலையில் கைவைக்கவில்லை, ஏசவுமில்லை. வெளியே போய்ச் சிறிய இயந்திரத்தின் எண்ணெயைப் பார்த்தார். இனி அதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தீவில் செய்திக்குக் கால் தேவையில்லை. நான் கைகழுவி முடிக்கமுன் ரெஜினா அக்கா வந்துவிட்டார்.

"நல்லா ஓடினதை நீங்கள் கெடுத்துப்போட்டியள்!"

"சுருள் பழுதாயிருந்தது அக்கா."

"ஓடிக்கொண்டெல்லோ இருந்தது! உங்கட வேலணைக்குப் பெருநிலத்தில இருந்து கம்பியில கரண்ட் வருது. ஒண்டு போனா இன்னொண்டு. எங்களுக்கு உந்த ஒரு மெசின்தான். அது தெரியாதே உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சரவணையில் மின்சாரம் நின்றால் யாரோ எங்கோ பார்த்துக்கொள்வார்கள் என்று வளர்ந்தவள் நான். அவர் சொன்னது சரிதான்.

அடுத்த நாள் கிராம அலுவலரான விதானையார் கோவில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். கூட்டத்துக்கு முன் பிரதம பொறியியலாளர் தொலைபேசியில் வந்தார்.

"நீர் ஒண்டும் விளக்க வெளிக்கிடாதையும். சோதிக்காட்டிலும் ரெண்டொரு நாளில போயிருக்கும் எண்டு சொல்லும். சனம் விளங்கிக்கொள்ளும்."

"அது உண்மையோ சேர்?"

"பொய்யெண்டு ஆர் சொல்லுறது?"

மண்டபம் நிறைந்திருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். புதிய சுருள்களுக்கு இரண்டு மாதமளவு ஆகலாம் என்று சொன்னபோது இரைச்சல் எழுந்தது. ரெஜினா அக்கா எழுந்து நின்றதும் அது அடங்கியது. அன்று அவர் கத்தவில்லை.

"ஒரு கேள்விதான். சோதிக்காம விட்டிருந்தா ஓடியிருக்குமோ, ஓடியிராதோ?"

பிரதம பொறியியலாளர் சொல்லச் சொன்ன அந்த ஒற்றை வரி என் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் கூட்டம் அன்றோடு முடிந்திருக்கும்.

"ஓடியிருக்கலாம்," என்றேன். "எவ்வளவு நாளெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்குப் போயிருக்கலாம். வருசக்கணக்கா ஓடியும் இருக்கலாம். போயிருந்தா அன்ரன் பக்கத்தில இருந்திருப்பார். அதுக்காகத்தான் சோதிச்சனான்."

பின்னாலிருந்து யாரோ, "அப்ப தெரியாமத்தான் உடைச்சதோ?" என்றார். "ஓம்," என்றேன். மண்டபம் மறுபடி இரைந்தது. அன்ரன் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் இதற்குள் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தன்னால்தான் ஊருக்கு மின்சாரம் போனது என்று ஆகிவிடுமோ என்ற பயம். அதைப் பிறகு அவரே சொன்னார்.

உண்மையைச் சொன்னதற்கு உடனடியாகக் கிடைத்தது இன்னொரு நெருக்கடி. கூட்டம் முடியுமுன்னே, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் தொலைபேசியில் தேடி ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார். பழுதான சுருளை மட்டும் வெட்டி ஒதுக்கி, மீதியை ஒட்டி இணைத்து ஓட்டலாமே? ஓட்டலாம். அப்படிச் செய்வது உண்டு. நானும் செய்திருக்கிறேன். பெருநாளுக்கு முன் தீவுக்கு வெளிச்சம் வந்துவிடும், ஐஸும் உறையும். ஓடியிருக்கலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகென்ன என்று கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிரதம பொறியியலாளர் நேரில் வந்தார். பழுதான சுருளில் உடைந்த பக்கம் மேலடுக்கில் இருந்ததால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்க முடிந்தது. மண்டபத்து வாசலில் மேசை போட்டு, அதன் மேல் வைத்துக் குறுக்கே அறுத்தோம். ரெஜினா அக்கா வந்து நின்றார். நான்தான் வரச் சொன்னேன்.

இரும்பை விட்டுச் சுருள் வெளியே வரும் இடத்தில், மைக்கா அடுக்குகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம். அதன் சுவரெல்லாம் வெள்ளைத் தூள். செப்பைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய தடிப்பில் நகத்தளவுதான் மிச்சம். பிரதம பொறியியலாளர் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பாத்தீரோ? இது இண்டைக்கோ நாளைக்கோ போயிருக்கும்."

எனக்கு அப்படித் தெரியவில்லை. வெற்றிடத்துக்குள் அடைபட்ட காற்று, மின்னழுத்தம் தாங்காமல் சிறிது சிறிதாகப் பொறி கக்கிக் கக்கி மைக்காவை அரித்த தூள் அது. அது ஒரு நாளில் வருவதில்லை. இந்தச் சுருள் தீவுக்கு வந்த நாளிலிருந்தே இப்படி அரிபட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. இவ்வளவு காலம் ஓடியது இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்காது என்று எப்படிச் சொல்வது? ஒரே துண்டைத்தான் இருவரும் பார்த்தோம். அவர் முடிவைக் கண்டார், நான் அது எடுத்துக்கொண்ட காலத்தைக் கண்டேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ரெஜினா அக்கா குனிந்து பார்த்தார். "உள்ளுக்கு ஏன் ஓட்டையாக் கிடக்கு?"

"கட்டேக்க உள்ளுக்குக் காத்து நிண்டுட்டுது அக்கா. பிசின் போய் நிரம்பேல்லை."

"ஐஸும் அப்பிடித்தான். அவசரத்தில உறைய வைச்சா நடுவுக்குக் காத்து நிக்கும், வெள்ளையாக் கிடக்கும். அந்த இடத்தாலதான் பிளக்கும்." பிறகு இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "மற்றதுகள்?"

"தெரியாது."

"எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது?"

"இன்னொண்டை வெட்டவேணும்."

அதன் பொருள் என்ன என்பதையும் சொன்னேன். உடையாத சுருளில் எங்கே பார்ப்பது என்று தெரியாது; இரண்டு பக்கமும் பார்க்க அதை முழுதாக எடுக்க வேண்டுமென்றால், அதன் மேல் படிந்திருக்கும் சுருள்கள் பலவற்றைத் தூக்க வேண்டும். தூக்கினால் பழைய பிசின் வெடித்துவிடும். ஒட்டிப்போட்டு ஓட்டுவது என்ற பேச்சே அதோடு முடிந்துவிடும். உள்ளே நன்றாக இருந்தால், பெருநாளுக்கு ஓடியிருக்கக்கூடிய ஓர் இயந்திரத்தை வீணாக அழித்தவர்கள் ஆவோம்.

"வேண்டாம்," என்றார் பிரதம பொறியியலாளர். "ஒட்டி ஓட்டுவம். பாரத்தைக் குறைச்சு ஓட்டுவம். அதுக்குள்ள புதுச் சுருள் வரும்."

அது தவறான யோசனை அல்ல. என்னிடம் அதை மறுக்க எந்த அளவும் இல்லை. "மற்ற ரெண்டு பேஸும் சோதனையில தாங்கினதெல்லே?" என்றும் கேட்டார். தாங்கினதுதான்.

ரெஜினா அக்கா அன்ரனைப் பார்த்தார். "நீ சொல்லு. ஒட்டி ஓட்டினா நீ உதுக்குப் பக்கத்தில இருப்பியோ?"

"இருக்கத்தானே வேணும் அக்கா."

"நான் கேட்டது, இருப்பியோ எண்டு."

அன்ரன் மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தார். "இதைப் பாத்தபிறகு எனக்கு ஏலாது," என்றார்.

"அப்ப வெட்டுங்கோ," என்றார் ரெஜினா அக்கா.

"அது நல்ல சுருளா இருந்தா?" என்று பிரதம பொறியியலாளர் அவரிடம் கேட்டார்.

"இருந்தா என்னை ஏசட்டும். நான்தான் வெட்டச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. ஊரில எனக்கு ஏச்சு விழுறது புதுசே?"

இதை நீங்கள் தவறாக எடுக்கக்கூடாது. அவருக்குக் காவலியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பருவத்து மீனில் அவருக்கு இருந்த பங்கு எங்கள் இருவருக்கும் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு பெரியது. இழக்கப்போகிறவரே வெட்டச் சொன்னபின், எங்களுக்குச் சொல்ல வேறு எதுவும் இருக்கவில்லை.

எந்தச் சுருளை வெட்டுவது என்பதை நான் தெரிவு செய்தேன். மிக நன்றாகக் காட்டிய முதலாவது பேஸிலிருந்து ஒன்று. அதுவே உள்ளே அரிபட்டிருந்தால், மற்றவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எடுக்க அரைநாள் ஆயிற்று. மேலே இருந்த சுருள்கள் தூக்கும்போது படபடவென்று வெடித்தன. ஒவ்வொரு வெடிப்புக்கும் அன்ரன் முகத்தைச் சுளித்தார். மேசையில் வைத்து அறுத்தேன். அவசரப்படாமல், மெதுவாக அறுத்தேன்.

அதே இடம். அதே வெற்றிடம். தூள் சற்றுக் குறைவு.

பிரதம பொறியியலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் விளங்கியது. இந்தச் சுருள் சில நாட்களுக்கு முன் என்னுடைய சோதனையில் தாங்கிய சுருள். தாங்கியது என்று நான் சொன்ன ஒன்றுக்குள் இவ்வளவு பெரிய ஓட்டை. சோதனையில் உடைந்தால் பலவீனம் என்று தெரியும். உடையாவிட்டால் அன்றைக்கு உடையவில்லை என்பது மட்டும்தான் தெரியும். உங்களில் யாராவது ஒரு சுருளுக்கு 'நலம்' என்று கையெழுத்திடும்போது, அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சுருள்களின் வடிவமைப்பு என்னிடம் வந்தது. தீவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இந்த முறை மொத்தமாக, நல்ல தடிப்பாகச் சுற்றுங்கள். அலுவலகத்திலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். உப்புக் காற்று, ஒருமுறை உடைந்த இடம், மொத்தமாக இருந்தால் பயமில்லை என்று எண்ணுவது இயல்பு. நான் மொத்தத்தைக் கூட்டவில்லை. மொத்தம் கூடினால் செப்பு குறையும், சூடு உள்ளேயே தங்கும், அந்தச் சூட்டில் அடுக்குகள் பிரியும். பழைய தடிப்பிலேயே, இடைவெளியில்லாமல் மைக்கா ரேப்பைச் சுற்றி, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிசினை உள்ளே செலுத்தும் முறையைக் கேட்டேன். இரும்பை விட்டு வெளியே வரும் இடத்தில் அழுத்தம் ஒரே புள்ளியில் குவியாமல் பரவுவதற்கான பூச்சை நீளமாகப் போட்டேன். முனைகளுக்கு உப்புப் புகாத மூடல். பயந்து வடிவமைக்கும்போது கை தானாகவே தடிப்பைக் கூட்டும். அந்தக் கையைக் கவனியுங்கள்.

அந்த இரண்டு மாதமும் தீவு பட்டது சின்னக் கஷ்டம் அல்ல. பெருநாளுக்குக் கோவிலில் மட்டும் வெளிச்சம் இருந்தது, சுற்றுப்பிரகார ஊர்வலம் மெழுகுதிரியோடு போனது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தொலைபேசிக்கு மின் ஏற்ற வழியில்லாமல் மின்நிலைய வாசலில் வரிசையில் நின்றார்கள், அன்ரன் எல்லோருடையதையும் ஒரே பலகையில் செருகிக் கொடுத்தார். ரெஜினா அக்கா ஊர்காவற்றுறையிலிருந்து படகில் ஐஸ் எடுப்பித்தார். வந்து சேர்வதில் பாதி தண்ணீராக இருந்தது. பட்ட மீனில் ஒரு பங்கைக் கருவாடாகப் போட்டார்கள். சில வள்ளங்கள் கடலுக்குப் போகவே இல்லை. இவை எல்லாம் என் சோதனையின் விளைவுகள். செய்தது சரி என்று நினைப்பதால் அவை இல்லாமல் போய்விடவில்லை.

கொழும்பில் விசாரணை ஒன்று நடந்தது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஏன் சோதித்தீர்கள் என்று கேட்டார்கள். அளவுகளைச் சொன்னேன். அவை ஓட்டலாம் என்ற எல்லைக்கு மேலேதானே என்றார்கள். ஓம் என்றேன். அப்படியானால் என்ன காரணம்? கதிரையைச் சொன்னேன். ஒருவர் புன்னகைத்தார். அதன்பின் ஒன்றரை வருடம் என்னை வெளிவேலைக்கு அனுப்பவில்லை. புதிய சுருள் பூட்டுவதற்கு மட்டும், அது என் வடிவமைப்பு என்பதால், போகவிட்டார்கள். விசாரணை முடிந்து படியால் இறங்கும்போது பிரதம பொறியியலாளர், "அந்தக் கதிரையை நான் போன வருசம் வந்தபோது பாத்தனான். ஒண்டும் தோன்றேல்லை," என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு முன்னைவிட இலகுவாக இருந்தது.

புதிய சுருள்கள் பூட்டியபின் மறுபடியும் சோதனை. இம்முறை, புதிய சுருளுக்கான விதிப்படி, ஓடும் அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கும் மேலே. மண்டபத்துக்கு வெளியே சனம் நின்றது. "மிஸ், கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாக் காணாதோ?" என்று அன்ரன் இரகசியமாகக் கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. முழுவதும் கொடுத்தேன். மூன்று பேஸும் தாங்கின.

அன்ரன் கதிரையைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டார். காற்று அங்கேதானே படுகிறது. நான் ஏசிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் கிழக்குச் சுவரில் ஒரு யன்னல் வெட்டுவித்தேன். கதிரை தானாக அங்கே போனது.

இயந்திரம் ஓடிய மறுநாள், படகுக்குப் போகும் வழியில் ரெஜினா அக்கா மறித்தார்.

"இனி எப்ப திரும்பச் சோதிப்பியள்?"

"ரெண்டு மூண்டு வருசத்தில ஒருக்காப் பாக்கவேணும்."

"பாருங்கோ. ஆனா வர முதல் எனக்குச் சொல்லுங்கோ. மண்டபத்துக்குள்ள நீங்களும் அன்ரனும் மட்டும் பேசி முடிக்கிற விசயமில்லை அது."

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். சோதிப்பதா விடுவதா என்று மட்டும்தான் அன்று யோசித்தேன். எப்போது சோதிப்பது, உடைந்தால் யார் யார் தாங்க வேண்டியிருக்கும், அவர்கள் தயாராக இருக்கிறார்களா என்பதும் அதே கேள்விக்குள் இருக்கிறது. எந்தக் கைநூலிலும் அந்தப் பக்கம் இல்லை. ஓய்வு பெறும்வரை, ஒரு சுருளில் அழுத்தம் ஏற்றுவதற்கு முன், அந்தக் கம்பியின் மறுமுனையில் இருக்கும் யாரையாவது தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினேன்.

அடுத்த சோதனைக்கான முறை வந்தபோது ரெஜினா அக்காவுக்கு முதலிலேயே தொலைபேசி எடுத்தேன். பெருநாள் முடியட்டும் என்றார், காத்திருந்தேன். பிறகு வரச் சொன்னார். போனேன். சோதித்தேன். மூன்று பேஸும் அசையாமல் தாங்கின. இயந்திரத்தை ஓட்டிவிட்டு, நல்ல செய்தியைச் சொல்ல வாடிக்குப் போனேன். உடைந்தாலும் ஊர் தாங்கட்டும் என்று ரெஜினா அக்கா அந்தக் கிழமை முழுவதும் ஆலையை ஓட்டி, களஞ்சியம், கொட்டில், அயலவர் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஐஸை நிரப்பி வைத்திருந்தார். அன்று காற்று பலமாக இருந்ததால் வள்ளம் ஒன்றும் கடலுக்குப் போகவில்லை.

"தாங்கிட்டுது அக்கா," என்றேன்.

அவர் ஐஸ் கட்டிகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"தாங்கிட்டுதோ? அப்ப உவ்வளவு ஐஸையும் நான் என்ன செய்யிறது?"